சாமி சாப்பிட்டாச்சா?

பெற்ற மகனின் காலில் நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். முதல் தடவை, கார்த்திகை முதல் தேதி அவன் மாலை போட்டுக்கொண்டு கோவிலிலிருந்து வந்து வாசலில் நின்றபோது. இரண்டாவது தடவை, சபரிமலைக்குக் கிளம்ப அவனுக்கு இருமுடி கட்டிய அன்று. மாலை போட்டவன் பிள்ளை இல்லை, ஐயப்பன். அம்மா விழலாம், அப்பா விழலாம், எதிர் போர்ஷன் அக்கா முட்டிவலியோடு முனகிக்கொண்டே விழலாம். எல்லாரும் விழுந்தோம். அந்த இரண்டு நாளும் என் மகன் பட்டினி கிடந்தான். சாமிக்காக இல்லை. ஓர் எடை மெஷினுக்காக.

இது எனக்குத் தெரியவந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் இறங்கும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் பொருத்தம். இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்காரத்தான் நேரம் இல்லை. ஒரு பெண் படியேறி வரும்போதே அவள் ஜாக்கெட் அளவைச் சொல்லிவிடுவேன். முப்பத்தாறு என்று அவள் சொன்னாலும் முப்பத்தெட்டு என்று என் கண் சொல்லும். வாயைத் திறந்து சொல்லமாட்டேன். "இது கட்டினா ஒல்லியா காட்டும் மேடம்" என்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வேன். அந்த ஒரு வரியில் எத்தனை சேலை விற்றிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு, மந்தைவெளியில் ஒன்றரை அறை வீட்டில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருந்த பிள்ளையை நான் பார்க்கவில்லை.

அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அடையாறு பக்கம் ஒரு காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம். மார்க்கில் கிடைத்த சீட்டு இல்லை, ஜூடோவில் கிடைத்தது. ஸ்கூல் நாளிலிருந்தே ஆடுகிறான். எனக்கு அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் காலை வாரிவிடுவான், அதற்கு மெடல் கொடுப்பார்கள் என்பதுதான். காலை வாரிவிடுவதற்கு மெடல் உண்டென்றால் எங்கள் கடையில் பாதிப் பேருக்குக் கொடுக்கலாம் என்று கிண்டல் செய்வேன். எடை பார்த்துத்தான் அதில் ஜோடி சேர்ப்பார்கள், அவன் அறுபது கிலோவுக்குள் இருந்தால்தான் அவன் பிரிவில் ஆட முடியும், அந்த ஒரு வருஷத்தில் அவன் வளர்ந்துவிட்டதால் எடை கூடிக்கொண்டே போனது, அடுத்த பிரிவில் அவனை வீழ்த்தக்கூடிய ஒரு சீனியர் ஏற்கெனவே இருந்தான், டீமில் இல்லாவிட்டால் சீட்டுக்கே ஆபத்து. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பையன் இரண்டு அங்குலம் வளர்ந்தது குற்றமாகிவிட்ட வீட்டில், அவன் உயரத்தைப் பார்த்து நான் திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி முடிகிற சமயம் ஒருநாள் அவன் அப்பாவிடம் வந்து நின்றான்.

"அப்பா, இந்த வருஷம் நானும் மாலை போட்டுக்கறேன்."

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பதினெட்டு வருஷம் மலைக்குப் போய், குருசாமி ஆகி, மலையில் தென்னங்கன்று நட்டுவிட்டு வந்தவர். ஒவ்வொரு வருஷமும் பையனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். அவன் தானாக வந்து கேட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? ஐயப்பன் கூப்ட்டாத்தான் போவ முடியும்னு நான் சொல்லிக்கினே இருந்தேன்ல?"

அவருடைய விரதம் எப்படி என்று நான் சொல்லியாக வேண்டும். கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, பச்சைத் தண்ணியில் இரண்டு வேளை குளியல். அதெல்லாம் சுத்தம். சாப்பாடு மட்டும் காலையில் டிபன், மதியம் முழுச் சாப்பாடு, ராத்திரி பஜனை நடக்கிற வீட்டில் சுண்டல், கேசரி, பாயசம். வருஷா வருஷம் மாலையைக் கழற்றும்போது இரண்டு கிலோ ஏறியிருப்பார். பையனோ முதல் நாளே சொல்லிவிட்டான், அந்தக் காலத்து முறைப்படி ஒரே வேளைதான் என்று. அதுவும் மதியம். வீட்டில் இல்லை, கோவில் அன்னதானத்தில். காலேஜ் போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்வானாம். அப்பனை மிஞ்சின பிள்ளை என்று நான் தெருவெல்லாம் சொன்னேன்.

மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதட்டக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. எல்லாமே சாமிதான். ராத்திரி கடையிலிருந்து வந்ததும் நான் கேட்பேன்.

"சாமி சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சாமி. மத்தியானம் நல்ல சாப்பாடு."

"ராத்திரிக்குப் பழமாவது வெக்கட்டா சாமி?"

"வேணாம் சாமி. வயிறு கனமா இருக்கு."

அவ்வளவுதான். வேறு எந்த மாதமாக இருந்தாலும் நான் விட்டிருப்பேனா? "வாயத் தொறடா" என்று உருட்டி ஊட்டியிருப்பேன். சாமியின் வாயில் எப்படித் திணிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மகன் சோறே இல்லாமல் மறைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். எனக்கு நாற்பத்தேழு வயது. மாதவிலக்கு எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத வயது. அந்த நாட்களில் மாலை போட்டவருக்கு நான் சமைக்கக் கூடாது, எதிரில் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சனி ஞாயிறு அவன் வீட்டில் சாப்பிட வேண்டி வந்தால் மெதுவாகக் கேட்பான், "நீங்க இன்னிக்கு... பரவால்லியா?" என்று. நான் ஒரு நிமிஷம் தயங்கினால் போதும். "பரவால்ல சாமி, நான் வெளிய பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விடுவான். நான் உள்ளே உட்கார்ந்து, என் உடம்பால் பிள்ளையின் விரதத்துக்கு இடைஞ்சல் என்று அழுதிருக்கிறேன். அவன் வெளியே எங்கும் சாப்பிடவில்லை. என் தீட்டை வைத்து அவன் ஒரு வேளையைத் தாண்டியிருக்கிறான்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் மாலை ஒரு பதில் வைத்திருந்தது. உடம்பு தெரியவில்லை, ஏனென்றால் தொளதொளவென்று கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி. கன்னம் தெரியவில்லை, ஏனென்றால் தாடி. குளித்துவிட்டு வந்து பத்து நிமிஷம் நடுங்குவான், ஏனென்றால் மார்கழிப் பச்சைத்தண்ணி. எட்டு மணிக்கெல்லாம் தரையில் சுருண்டு படுத்துவிடுவான், ஏனென்றால் விடியற்காலை பூஜை. பாத்ரூமில் தண்ணி போகிற சல்லடையில் முடி அடைத்துக்கொள்ளும். என் முடி என்று நினைத்து நான் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை மாற்றினேன்.

எதிர் போர்ஷன் அக்கா ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டே சொன்னாள். "புள்ள மூஞ்சியில இன்னா தேஜஸ்டி! கண்ணு ரெண்டும் எப்படி ஜொலிக்குது பாரு."

கண் ஜொலித்தது உண்மை. சுற்றியிருந்த சதை வற்றினால் கண் பெரிதாகத்தானே தெரியும்? எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் "ஆமாங்க்கா, தேஜஸ்" என்றேன்.

பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடக்கப் போகிற பால்காரர் மட்டும் சொன்னார், "உம் புள்ள மழைக்கோட்டு போட்டுக்கினு பீச்சுல ஓடிக்கினு கீறான்மா. மழையே கெடையாது" என்று. மார்கழிக் குளிருக்குப் போட்டிருப்பான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாலை ஊற்றினார்.

மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். பம்பையிலிருந்து ஏறும்போது பையன் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டானாம். கண் இருட்டுகிறது என்றானாம். "ஐயப்பன்தான் கையப் புடிச்சு ஏத்திவுட்டாரு" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாலை கழற்றுகிற அன்று நான் கடைக்கு லீவு போட்டு வஞ்சிரம் வாங்கி வந்து மிளகாய்த்தூள் தடவி வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்தவன் பச்சை வேட்டி கட்டியிருந்தான்.

"தைப்பூசம் வரைக்கும் முருகனுக்குப் போட்டுக்கறேன்."

என் வீட்டுக்காரருக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான். "ஒரு வாரமாச்சும் கழிச்சி போடலாமேப்பா" என்றார். அதற்குமேல் என்ன சொல்வது? சாமி வேண்டாம் என்று எந்த அப்பா சொல்வார்? கொடிக்கயிற்றில் கறுப்பு போய்ப் பச்சை வந்தது. மீனை எதிர் போர்ஷனுக்குக் கொடுத்தேன்.

தைப்பூசத்தன்று பழனிக்குப் போக லீவு கிடைக்கவில்லை. வடபழனிக்கே போய் மொட்டை போட்டுக் காணிக்கையை முடித்துவிடலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். விடியற்காலையிலேயே கூட்டம் நெரித்தது. மொட்டை போடுகிற இடத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் அறுபது வயசுக்காரர், வாயில் புகையிலை. பையனின் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த கையை எடுத்துப் பார்த்தார். கை நிறைய முடி.

"இன்னாம்மா இது? கத்தி வெக்கறதுக்கு முன்னாடியே கையோட வருது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வழிக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கமாக மொட்டை போடுகிறவர்கள் வேகமாகப் போவார்கள், அவர் மெதுவாக, அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போனார். தலை முடிந்து தாடைக்கு வந்தார். ஒரு பக்கம் தாடியை இறக்கிவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தாயி, கோச்சிக்காத. ஒரு நாளைக்கு நூறு தல பாக்கறவன் நானு. இந்தப் புள்ள எதனா துன்னுதா? எலும்பு மேலயே கத்தி போவுது."

அப்போதுதான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் மாமனார் புற்றுநோயில் போவதற்கு முந்தின மாதம் அதே முகத்தோடுதான் கட்டிலில் கிடந்தார். அந்த முகம் பத்தொன்பது வயசில் என் எதிரில் உட்கார்ந்து, பாதித் தாடியோடு, "என்னம்மா?" என்று கேட்டது.

மொட்டை முடிந்து குழாயடியில் குளிக்கச் சட்டையைக் கழற்றினான். அவன் முதுகை நான் விவரிக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தவர் ஊற்றாமலே நின்றார். பின்னால் நின்ற யாரோ ஒரு பெண், "பாவம், என்னா வியாதியோ" என்று தன் புருஷனிடம் சொன்னாள். சுற்றி அரோகரா, அரோகரா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சாமி கும்பிட்டு மாலையைக் கழற்றினோம். கழற்றிய அடுத்த நிமிஷம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனேன். இனிமேல் இவன் சாமி இல்லை, என் பிள்ளை, அதட்டலாம். நெய் ரோஸ்ட் சொன்னேன். வந்தது. அவன் அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தான். பிய்த்ததைச் சட்னியில் தோய்த்தான். தோய்த்ததைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். இன்னொன்று பிய்த்தான். பத்து நிமிஷம் இதே வேலை. தோசை இடம் மாறியதே தவிர குறையவில்லை.

"சாப்புடுடா."

"சாப்பிட்டுக்கினுதான் இருக்கேன்."

"ஒரு வாய் போகலடா இன்னும்!"

என் குரல் எழும்பிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது.

"ரெண்டு நாள்மா. சனிக்கிழமை காலேஜ்ல வெயிட் பாக்கறாங்க. இப்ப ஏறுச்சுன்னா எல்லாம் போச்சு. ரெண்டே நாள். அப்பறம் நீ குடுக்கறதெல்லாம் சாப்புடறேன்."

அங்கேதான் எல்லாம் வெளியே வந்தது. அன்னதானத்துக்கு அவன் ஒரு நாளும் போகவில்லை. அந்த நேரத்தில் காலேஜ் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பீச்சில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடியது, வியர்த்து வியர்த்து எடை இறங்கத்தான். மாலை போடும் யோசனை அவனுடையதுகூட இல்லை.

"சீனியர்தான் சொன்னாம்மா. 'மச்சி, மாலை போட்டுடு. சும்மா பட்டினி கெடந்தா வீட்ல திட்டுவாங்க. மாலை போட்டுக்கினு கெடந்தா கும்புடுவாங்க'ன்னான். எங்க டீம்ல எல்லாரும் அப்டித்தான். மொதல்ல வெயிட்டுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்ப வெயிட் வந்துடுச்சி. ஆனா சாப்பாட்டப் பாத்தா பயமா இருக்கு. கண்ணாடியில பாத்தா குண்டாத்தான் தெரியறேன்."

குண்டாகத் தெரிகிறானாம். நான் அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். நான் போட்டிருந்த வளையல் அவன் முழங்கை வரைக்கும் ஏறும்.

எங்கள் பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஐயப்பன வெச்சே ஏமாத்திட்டியேடா. இருமுடிய தலையில வெச்சிக்கினு பொய்யாடா ஏறுன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ள எலும்பா உக்காந்துக்கினு இருக்கான், ஒனக்கு ஐயப்பன் கவலையா? ஐயப்பன் நல்லாத்தான் இருக்காரு, தெனம் நெய்யபிஷேகம் நடக்குது அவருக்கு!" என்றேன். சர்வர் பில்லை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் என்னை நானே மன்னிக்க முடியாத இடம். அவனை அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவன் அழுத அழுகைக்கு இறங்கிவிட்டேன். இரண்டு நாள்தானே, நாலு வருஷ உழைப்பு, சீட்டு, மெடல் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டோம். எடை பார்க்கும்போது நாங்களும் கூட வருவோம், இறங்கியதும் எங்கள் எதிரில் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சத்தியம் வாங்கினோம். அந்த இரண்டு ராத்திரியும் அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இப்படிப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு யாராவது இரண்டு நாள் தவணை கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் காலேஜ் ஜூடோ ஹாலுக்குப் போனோம். மாஸ்டர் நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், அவர் மரியாதையைப் பார்த்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அரை டிராயரோடு ஆறு பையன்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் ஆறு பேர் ஒரே இடத்தில் நின்று இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் நின்றவன் கழுத்தில் ஐயப்பன் மாலை. சீசன் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. மாதா மாதம் நடை திறக்கும், அதற்கு என்று மாஸ்டர் விளக்கினார். இன்னொருவன் கழுத்தில் பங்குனி உத்திரத்துக்குப் போட்ட முருகன் மாலை. மூன்றாவது பையன் கழுத்தில் சிலுவை. தவக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை, அவன் இப்போதே உபவாசம் ஆரம்பித்துவிட்டான்.

"நம்ம பசங்களுக்கு பக்தி ஜாஸ்திம்மா" என்றார் மாஸ்டர். உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார். "அதனால டிசிப்ளின் தானா வந்துடுது. வெளிய கண்டதையும் திங்கறதில்ல."

மாஸ்டர் பெயரைக் கூப்பிட்டார். முதல் பையன் மெஷின் பக்கம் நடந்தான். ஏறுவதற்கு முன்னால் கையைப் பின்னால் கொண்டுபோய், கழுத்து மாலையை மேலே தூக்கிக் கழற்றினான். பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டினான். பிறகு மெஷினில் ஏறினான். எண்ணைப் பார்த்தான். மூச்சு விட்டான். இறங்கினான். மாலையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குருசாமி கையால் மந்திரம் சொல்லிப் போட்ட மாலையை, மலைக்குப் போய் வருகிற வரைக்கும் செத்தாலும் கழற்றக் கூடாது. ஒரு பிடி கடலை எடைகூட இல்லாத மாலை. அந்த எடைக்குக்கூட அந்தப் பிள்ளை பயந்திருக்கிறான். அடுத்தவனும் அதே மாதிரி கழற்றி அதே கம்பியில் மாட்டினான். பேசி வைத்த மாதிரி, தினம் செய்கிற வேலை மாதிரி. மூன்றாவது பையன் சிலுவையைக் கழற்றினான்.

"சார்... மாலைய..." என்றார் என் வீட்டுக்காரர். ஜன்னல் கம்பியைக் கையால் காட்டினார்.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்திருப்பார், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தவர் மாதிரி நின்றார்.

நாலாவது என் மகன். அவன் ஒரு காலைத் தூக்கி மெஷினில் வைக்கப் போனான். நான் செருப்போடு, அவர்கள் ஜூடோ ஆடுகிற பாய்மேல் ஏறி ஓடினேன். அந்தப் பாய்மேல் செருப்போடு ஏறுவது பெரிய குற்றமாம், பிறகு சொன்னான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். நான் இழுத்த இழுப்புக்கு அவன் வந்தான், ஜூடோ ஆடுகிற பையன், ஒரு காய்ந்த துணி மாதிரி என் பக்கம் வந்தான். அதுதான் எனக்கு அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"அம்மா, டீம்ல இருந்து பேர் போயிடும்" என்றார் மாஸ்டர்.

"போவட்டும் சார். பேரு மட்டும்தான சார் போவும்."

மகன் கத்தினான், உதறினான், "என் வாழ்க்கையக் கெடுத்துட்ட" என்றான். ஆட்டோவில் ஏற்றி இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்துகொண்டோம், குதித்துவிடக் கூடாது என்று.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இதயம் மெதுவாகிவிட்டது, இன்னும் சில நாள் போயிருந்தால் தூக்கத்திலேயே நின்றிருக்கலாம் என்றார்கள். இப்போது காலேஜுக்குப் போகிறான், ஜூடோ இல்லை. சீட்டு போகவில்லை, மாஸ்டர்தான் யாரிடமோ நின்று பேசினார் என்று கேள்வி. பன்னிரண்டு நாள் நன்றாகச் சாப்பிடுவான், பதிமூன்றாவது நாள் தட்டைத் தள்ளுவான். வாரம் ஒரு தடவை, பேசியே வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். எந்த நாள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாள் அங்கே டாக்டர் அறையில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவன் நாடியைப் பிடித்து, நகத்தை அழுத்திப் பார்த்து, மெஷின் ஒயர்களை எல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது வியாதிம்மா. சாப்பிட முடியாம போற வியாதி."

"வியாதியா? சோறு இல்லாதவன் பட்டினி கெடந்தா பசி. இருக்கறவன் கெடந்தா கொழுப்பு. இதுக்குப் போய் வியாதின்னு பேரா? அதுவும் ஆம்பளப் புள்ளைக்கு?" என்றேன். எனக்கு அதிர்ச்சியில் கோபம்தான் வரும், அது என் சுபாவம்.

அவர் கோபப்படவில்லை. "ஆம்பளப் பசங்களுக்கும் வரும்மா. விளையாடற பசங்களுக்கு நிறைய வரும். வெளிய சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "உங்க எதிர்ல உட்கார்ந்து வயிறார கடைசியா எப்போ சாப்பிட்டான்?"

நான் வாயைத் திறந்தேன். பொங்கலா? இல்லை, பொங்கலுக்கு விரதம். அவன் பிறந்தநாளா? அன்றைக்கு எனக்குக் கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எந்த நாள் அமாவாசை, எந்த நாள் சஷ்டி, இருமுடியில் எத்தனை தேங்காய் என்று எல்லாம் தெரிந்த இரண்டு பேர், இந்த ஒரு நாளைத் தேடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

"தீபாவளிக்கு மறுநாள் காலைல, டாக்டர்."

மகன்தான் பேசினான். கட்டிலில் படுத்தபடி, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"ஆறு இட்லி, ஆட்டுக்கறிக் கொழம்பு. ஏழாவதுக்குக் கைய நீட்டினேன். அம்மா சிரிச்சிக்கினே, 'போதும்டா, தொந்தி போடப் போவுது'ன்னாங்க. கைய கழுவிட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. டாக்டர் கேட்டார், அவன் சொன்னான். டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.